ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு பஸ் டிக்கெட்

ஞாயிறு மத்தியானம்
நிட்டிங் மெஷின்கள் நின்ற பிறகும்
கொஞ்ச நேரம் காதுக்குள் ஓடும்.
அது அடங்கட்டும் என்று டீயோடு உட்கார்ந்திருந்தேன்.
அங்கேரிபாளையத்திலிருந்து கறுப்புப் பையோடு
யுகேந்திரன் வந்தான்.

"கழுத்து போயிருச்சுங்க.
மொத மூணு ஃப்ரெட்டும் கரகரங்குது.
புதுக் கழுத்துப் போட என்ன ஆகும்?"

வாரத்தில் ஆறு நாள் எனக்குப் பனியன் துணி.
துணியில் ஓட்டை விழுந்தால்
ஊசியை மாத்து என்பார் சூப்பர்வைசர்.
ஊசி பாவம்.
நூல் இழுவையை யாரும் முதலில் கேட்பதில்லை.

கிதாரைத் தூக்கி
பழைய சைக்கிள் ரிம்மைப் பார்க்கிற மாதிரி
ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.
கண் பொய் சொல்லும்.
தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலும்
கழுத்து உடம்பில் சேருமிடத்தில் ஒரு விரலுமாக
அழுத்திக்கொண்டால்
கம்பியே அளவுகோல்.
நடுவே, ஏழாவதன் தலையில்
ஒரு பஸ் டிக்கெட் நுழையணும்.
அவினாசி போய்வந்த டிக்கெட் பாக்கெட்டில் இருந்தது.
நுழையவில்லை.

முன்னால் குனிந்த கழுத்தென்றால்
கம்பி மேலேறி விரலை அறுக்கும்.
இது பின்னால் வளைந்திருந்தது,
அடி வருகிறதென்று
தலையை இழுத்துக்கொண்டவன் மாதிரி.

பங்குனிக் காய்ச்சலில் மரம் சுருங்கியதோ என்று
ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனேன்.
ஒரு ஃப்ரெட் முனைகூடக் குத்தவில்லை.
மரத்தின் மேல் குற்றமில்லை.

பிறகுதான் ட்யூனரை மாட்டினேன்.
ஈ இருக்க வேண்டிய இடத்தில் டீ.
ஆறு கம்பியும் ஒரு முழுப் படி கீழே.

"எப்ப இருந்துங்க இறக்கினது?"

"தீபாவளிக்கு முன்னாடி அரைப்படி.
தை பொறந்து இன்னொரு அரை.
இலக்கியாவுக்குத் தொண்டைல ஆபரேசன்ங்க.
கொரலு மேல ஏற மாட்டீங்குது."

"இப்பப் பாடறாங்களா?"
கேட்டிருக்க வேண்டியதில்லை.
பையின் ஜிப்பை மூடினான், திறந்தான்,
மறுபடி மூடினான்.

கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு படுத்திருக்கிறது.
வெளியே ஆறு கம்பி முன்னால் இழுக்கும்,
உள்ளே அது ஒற்றையாகப் பின்னால் இழுக்கும்.
இந்தச் சண்டையில்தான் கழுத்து நேராக நிற்கிறது.
வெளியே இழுத்தவர்கள் தளர்ந்துவிட்டார்கள்.
உள்ளே இருப்பதற்கு யாரும் சொல்லவில்லை.
அது இன்னும்
போன ஐப்பசியை இழுத்துக்கொண்டிருக்கிறது.

சாவி போட்டுக் கால் சுற்று தளர்த்தலாம்.
இல்லையென்றால் தடித்த செட் மாட்டலாம்,
இறங்கின சுருதியிலேயே பழைய இழுவை திரும்பிவிடும்.
ரெண்டையும் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து,
"தடிச்சதே போடுங்க.
எறங்குனதுலயே இருக்கட்டும்."

செட் கோயமுத்தூரிலிருந்து வந்தது.
தலைப்பக்கத்துக் காடிகளில் புதுக் கம்பி பிடிபடவில்லை.
பழைய கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி
ராத்திரி பதினோரு மணி வரை ராவினேன்.
கூட ஒரு இழுப்பு போனால் காடி கெட்டுவிடும்,
மூச்சை எண்ணிக்கொண்டு.
ஒரு ராத்திரி மரத்தைச் சும்மா விட்டேன்.
காலையில் டிக்கெட் நுழைந்தது,
லேசாக உரசிக்கொண்டு.

வியாழக்கிழமை வாங்க வந்தது அவன் இல்லை.
செருப்பை வெளியே விட்டு
ஸ்டூலில் உட்கார்ந்து
ஆறு கம்பியையும் ஒரே ஒரு தடவை வருடினாள்.
நான் அவள் கழுத்தைப் பார்க்கவில்லை.

"மூணாவது சித்த தணிஞ்சிருக்குங்க."
உப்புத்தாள் குரல்.

நான் வைத்த சுருதி.
நம்பாமல் ட்யூனரை மாட்டினேன்.
முள் இடப்பக்கம், ஒரு மயிரிழை.

திருகினேன்.
முள் நடுவுக்கு வருவதற்குள்
"போதும்" என்றாள்.

அங்கேயே நின்றது.

"கூலி எவ்வளவுங்?"